வெள்ளைப் பாணும் இரஞ்சிதத்தின் பல்லும்

எங்கள் வாசிகசாலையின் ஒரேயொரு கைக்கதிரையில் ஒருபுறமும் சாயாமல் வீற்றிருந்து, நாடி பிடித்த கையால் இன்று நீதியும் பிடிக்க வந்திருக்கும் அவைத் தலைவர், அப்போதிக்கரி ஐயாத்துரை ஐயா அவர்களே! காடு வெட்டிக் கழனி கண்ட கைகளை மடியிலே கிடத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர்களே! அடுப்பை அணைத்தும் அடுத்த வேளைக் கவலையை அணைக்க முடியாமல் வந்திருக்கும் அன்னையர்களே! எனக்கு முன்னே பேசி, என்னை வென்றேவிட்டதாக எண்ணி மீசைக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் என் அருமை எதிரி, யோகலிங்கம் வாத்தியார் அவர்களே! வவுனியாவிலே போறணை மூட்டி, விடியற்காலை பஸ்ஸிலே பாண் ஏற்றி, எங்கள் குடியேற்றத் திட்டத்துக் குழந்தைகளுக்குக் காலைப் பசியைக் கற்பித்த பேக்கரி முதலாளி ஹலீம் நானா அவர்களே! வேலியோரம் சைக்கிளிலே ஒரு காலை ஊன்றி, பேச்சு இனித்தால் நிற்பம், கசந்தால் பறப்பம் என்று காத்து நிற்கும் வாலிபர்களே! அனைவருக்கும் சிற்றம்பலத்தின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

கை தட்டுறதெண்டால் இப்பவே தட்டிப்போட்டு இருங்கோ. பிறகு நான் மூச்சு விட இடம் தரமாட்டன்.

வெள்ளைப் பாண் உடலுக்குக் கேடா? இதுதான் கேள்வி. கேடு, கேடு, கேடேதான் என்று கூற என்னை இந்த மேடையிலே ஏற்றியிருக்கிறார்கள். இதோ, மேசையைப் பாருங்கள்! இங்கே ஒரு றாத்தல் வெள்ளைப் பாண். பக்கத்திலே, தவிடு போக்காத ஆட்டா மாவைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து இன்றைய விவாதத்துக்கென்றே ஹலீம் நானா சுட்டனுப்பிய மண்ணிறப் பாண். ஒன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி உப்பிக்கொண்டு இருக்கிறது. மற்றது... ஆரது, செங்கல்லு எண்டு சொன்னது? எழும்பி நிண்டு சொல்லும் பாப்பம்! செங்கல்லுத்தான். ஓம். செங்கல்லாலைதான் ஐசே வீடு கட்டுறது, பஞ்சாலை இல்லை!

வாத்தியார் என்ன சொன்னார்? வெள்ளைப் பாண் மென்மையானது என்றார். வெண்மையானது என்றார். நோயாளியின் வயிற்றுக்கு நோகாதது என்றார். தவிடு குடலை அராவும் என்றார். மென்மையெல்லாம் மேன்மையா? வெளுத்ததெல்லாம் பாலா? கள்ளனும் கலியாண வீட்டுக்கு வெள்ளை வேட்டிதானே கட்டிக்கொண்டு வருகிறான்! கோதுமையைக் கொண்டுபோய், தோலை உரித்து, முளையைக் கிள்ளி, தவிட்டை அரித்து, எஞ்சியதை வெளுக்க வைத்து, இதோ உணவு என்று நீட்டுகிறார்களே, இது உணவா? உணவின் உடுப்பா?

தவிடு எங்கே போகிறது? மாட்டுக்குப் போகிறது. மாடு கொழுக்கிறது. தோலுக்குள்ளே இருந்த சத்தை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, மாவை நாங்கள் தின்றுவிட்டு, பிறகு மாட்டைப் பார்த்து, அடடா எவ்வளவு வடிவாயிருக்குது என்று பொறாமைப்படுகிறோம்! தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியையே தின்றவர்களுக்குக் கால் வீங்கி நெஞ்சு படபடத்த கதையைத் தலைவர் ஐயாவைக் கேளுங்கள். போன மழைக்காலத்திலே இந்தக் கதிரையிலிருந்தே அவர் எங்களுக்குச் சொன்ன கதை அது. அரிசிக்கு ஒரு நியாயம், கோதுமைக்கு ஒரு நியாயமா?

தமிழனுக்குத் தவிடு என்றால் இளக்காரம். வீட்டிலே பிள்ளை குழப்படி செய்தால் என்ன சொல்லுகிறோம்? "உன்னைத் தவிட்டுக்கல்லோ வாங்கினது!" அந்தப் பிள்ளையும் மூலையிலே குந்தியிருந்து தேம்புகிறது. ஐயோ, என் செல்வமே, அழாதே! தவிட்டின் விலை தெரிந்திருந்தால் உன் கொப்பன் உன்னைத் தங்கத்துக்கு வாங்கினதாகச் சொல்லியிருப்பான்!

நல்லாச் சிரியுங்கோ. சிரிப்பும் தவிடு மாதிரித்தான், மலச்சிக்கல் வராது.

இப்படி வீரம் பேசுகிற வேளையிலே பாருங்கள், முன்வரிசையிலிருந்து நம் ஹலீம் நானா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். என்ன நானா? உரத்துச் சொல்லுங்கோ, எல்லாரும் கேக்கட்டும். "தம்பி, நேத்தைக்கும் நம்மட வெள்ளைப் பாண்தானே வாங்கிக்கிட்டுப் போனீங்க!"

கேட்டியளோ சபையோரே! கட்சிக்காரனை மேடையிலே வைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டார். வாத்தியார் துள்ளி எழும்புகிறார். இருங்கோ வாத்தியார், கதிரை உடைஞ்சால் வாசிகசாலைக்கு வேறை கதிரை இல்லை! ஓம், வாங்கினனான். நேற்றும் வாங்கினனான், முந்தநாளும் வாங்கினனான். ஒரு வருசத்துக்கு மேலாய் ஒவ்வொரு நாளும் வாங்குறன். ஏன் வாங்குகிறேன்? ரொட்டி தட்ட ஆளில்லாத வீட்டிலே பாண்தான் சமையல். என் வீட்டிலே தேத்தண்ணிக்கு அல்லாமல் அடுப்பு எரிந்து ஒரு வருசம் கடந்துவிட்டது.

தாய்மார்களுக்குத் தெரியும். வாலிபர்களில் சிலருக்குத் தெரியாது. என் மனைவி இரஞ்சிதம், போன வருசம் வயல் உழவு முடிந்த கையோடு, இரத்தமாய் இருமத் தொடங்கினா. தலைவர் ஐயாதான் சயரோகம் என்று கண்டுபிடித்து, வடகரையிலே கடலோரத்து ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஸ்டேசனிலே கோச்சி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு இந்தக் கடைத்தெருவிலே கையிலே ஒரு பாணோடு நடந்தேன். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "என்ன சிற்றம்பலம், பாணோடை போறாய், ஆருக்கு வருத்தம்?" எங்கள் பக்கத்திலே பாண் என்றாலே வருத்தக்காரன் சாப்பாடுதானே. சுகமாயிருக்கிறவன் புட்டுத் தின்பான், ரொட்டி தின்பான், பழஞ்சோறு பிழிந்து குடிப்பான். காய்ச்சல்காரன்தான் பாண் தின்பான்.

மாதத்துக்கு ஒருக்கால் கோச்சி ஏறி அவவைப் பார்க்கப் போவேன். நீளமான விறாந்தை. இந்தக் கரையிலே நான், அந்தக் கரையிலே அவ. கிட்டப் போகக் கூடாது. கை பிடிக்கக் கூடாது. கலியாணம் பேசி வந்த நாளிலே கூட அவ்வளவு தூரத்திலே நாங்கள் இருந்ததில்லை. அவவின் மடியிலே ஒரு தட்டு. தட்டிலே தேத்தண்ணியிலே தோய்த்த வெள்ளைப் பாண். நான் கேட்டேன், "இரஞ்சி, வடிவாச் சாப்பிடுறீரோ?" அவ சொன்னா, "இஞ்சாருங்கோ, விடிஞ்சாலும் பாண், பொழுதுபட்டாலும் பாண். எனக்குப் பல்லிருக்குதெண்டதே மறந்துபோச்சு."

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. "வாயிலை வைக்கக் கரையுது. விழுங்கினாச் சரி. மெல்ல ஒண்டுமில்லை. எனக்குக் குரக்கன் ரொட்டி தின்ன ஆசையாக் கிடக்கு. இந்தப் பாணைத் தின்னுமட்டும் நான் வருத்தக்காரிதான். என்ரை கையாலை தட்டின ரொட்டியைக் கடிக்கிற அண்டைக்குத்தான் நான் சுகமான மனிசி."

வாத்தியார் அவர்களே, அந்த ஆசுப்பத்திரிப் பாணை நான் பழிக்கமாட்டேன். உங்கள் வாதத்திலே ஒரு பாதி உண்மை. எழும்ப முடியாமல் கிடந்த என் பெண்சாதிக்கு அந்த மென்மைதான் உயிர் பிடித்து வைத்தது. நோய்க்கு வெள்ளைப் பாண், ஒப்புக்கொண்டேன்! ஆனால் நோய் தீர்ந்தவளுக்கு? நாளெல்லாம் வரம்பு கட்டுகிறவனுக்கு? நாளைக்கு இந்த மண்ணை ஆளப் பிறந்த பிள்ளைகளுக்கு? காலம் முழுவதும் நோயாளிச் சாப்பாடு தின்று நோயாளியாகவே வாழ்வதா?

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றார்கள். நொறுக்குவதற்கு ஏதாவது வேண்டாமா? குரக்கன் தானியத்தைத் தவிட்டோடு திரித்துத் தட்டுகிற ரொட்டி எளிதிலே இறங்காது. மெல்ல வேண்டும். மென்றுகொண்டே இருக்க வேண்டும். வயலாலே வந்து, கால் கழுவி, நானும் இரஞ்சிதமும் குசினி வாசலிலே குந்தியிருந்தால், ஒரு ரொட்டி தின்று முடிகிற நேரத்துக்குள்ளே ஊர்க்கதை முழுவதும் முடிந்துவிடும். வாய்க்கால் தண்ணியை ஆர் களவாய்த் திருப்பினது, ஆருடைய வீட்டு மாடு கன்று போட்டது, ஆர் ஆரோடை கோபம். அவ கதைக்க நான் மெல்லுவேன், நான் கதைக்க அவ மெல்லுவா. இப்பொழுது பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியிலே தோய்த்தால், மூன்று வாயிலே முடிந்துபோகிறது சாப்பாடு. அதற்குப் பிறகு இரவு எவ்வளவு நீளம் தெரியுமா? எனக்கு அவ வேணும். இத்தனை பேருக்கு முன்னாலே சொல்ல வெட்கமாயில்லை. எனக்கு என் பெண்சாதி வேணும்.

ஐயா, மணி அடிக்காதீங்கோ. நேரம் முடிஞ்சது எனக்குத் தெரியும். வாத்தியார், உங்கடை மறுமொழி நேரத்திலை கொஞ்சம் கடன் தாருங்கோ. தலையாட்டுகிறார். நல்ல மனிசன், பாண்தான் பிழை.

இரஞ்சிதம் வருகிறா! வாற புதன்கிழமை பின்னேரக் கோச்சியிலே வருகிறா. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, சளியைச் சோதித்து, சுகம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தைத் தலைவர் ஐயாவும் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தவர். ஐயா, விவாதத்தை விட்டுப்போட்டு, டொக்டராய் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. "சுகம். இனித் தொற்றாது." கேட்டியளோ? கடைசி வரிசையிலே கேட்டுதோ? சுகம்! இனித் தொற்றாது!

போன கிழமை அவவிடம் போய், வீட்டுக்கு விடுகிறார்களாம் என்று சொன்னேன். துள்ளுவா என்று நினைத்தேன். விறாந்தைத் தூணை இறுக்கிப் பிடித்தா. பிறகு கேட்டா, "இஞ்சாருங்கோ, நான் ரொட்டி தட்டினால் ஆர் தின்னுவினம்?"

சபையோரே, அந்தக் கேள்வியைத்தான் கோச்சியிலே கூட்டிவந்து இன்றைக்கு இந்த மேடையிலே ஏற்றியிருக்கிறேன்.

ஏன் ஏற்றினேன்? என் வீட்டுக்கும் அன்னபாக்கியம் அக்கா வீட்டுக்கும் ஒரே கிணறு. நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து வெட்டிய கிணறு. இரஞ்சிதம் வருகிறா என்று சொன்ன அடுத்த நாள், அக்கா தன் வாளியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டா. தூரத்துக் கிணற்றிலே இடுப்பொடியத் தண்ணி சுமக்கிறா. கோபத்தாலே இல்லை. இரஞ்சிதத்தைக் கோச்சி ஏற்றிய அன்றைக்கு என்னைவிட அழுதது அந்த அக்காதான். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, பயம். நான் பிழை சொல்ல வரவில்லை. அவ மட்டுமா? பந்தியிலே எனக்குப் பக்கத்து இலை இப்பொழுது வெறுமையாகத்தான் கிடக்கிறது. பயம் சயரோகத்தைவிடக் கெதியாய்ப் பரவுகிறது. அதற்கு ஆசுப்பத்திரியும் இல்லை, ஊசியும் இல்லை.

ஆகவே, அன்புள்ள சபையோரே, கேட்கிறேன்! தவிட்டின் பெருமையை நான் எவ்வளவு பேசினாலென்ன? அவ தட்டுகிற ரொட்டியிலே ஊரின் சத்தெல்லாம் இருந்தாலென்ன? சுட்டவள் ஒருத்தி, தின்ன ஒருவன், சுற்றிவர ஊர் விலகி நின்றால், அந்த ரொட்டி அவவுக்கு இறங்குமா? ஆசுப்பத்திரியிலே தனியே பாண் தின்றா. வீட்டுக்கு வந்து தனியே ரொட்டி தின்றால், அவ எங்கே சுகமாய் வந்தா? கட்டிலை மாற்றினோம், அவ்வளவுதானே!

புதன்கிழமை மாவைக் குழைக்க வேண்டும். குரக்கன் நான் திரிப்பிச்சு வைச்சிருக்கிறன், அரிதட்டாலை அரிக்கேல்லை. எத்தனை பேருக்கு என்று அவ கேட்பா. நான் என்ன சொல்ல? தின்ன வாறவை கையை உயர்த்துங்கோ.

...

தலைவர் ஐயா உயர்த்துகிறார். நன்றி ஐயா. ஹலீம் நானா, உங்கள் யாவாரத்துக்கு விரோதமாய்க் கை உயர்த்துகிறீர்களே! "நம்ம வீட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டு வாறன் தம்பி." வாருங்கோ, கட்டாயம் வாருங்கோ. வாத்தியார்! எதிர்க்கட்சி இரண்டு கையையும் உயர்த்துகிறது. ஒரு கை போதும் வாத்தியார், ரெண்டெண்டால் ரெண்டு ரொட்டி. வேலிக்கரையிலே சைக்கிள்கள் சரிகின்றன, வாலிபர்களின் கைகள் உயருகின்றன. முதியவர்கள் உயர்த்துகிறார்கள். பெண்கள் பக்கம்... பெண்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பாருங்கோ, யோசியுங்கோ. நான் அவசரப்படுத்தேல்லை.

ஆர் அங்கை எழும்புறது? அன்னபாக்கியம் அக்காவோ? இருந்து சொல்லுங்கோ அக்கா, கால் நோகும்.

"நான் நிண்டே சொல்லுறன். சிற்றம்பலம், அவளை எனக்கு ரெண்டு ரொட்டி தட்டச் சொல்லு. தண்ணி நான் அள்ளி வைக்கிறன், எங்கடை கிணத்திலை."

அக்கா... அக்கா, உங்களுக்குத்தான் முதல் ரொட்டி. பாருங்கோ, பெண்கள் பக்கமும் கைகள் எழும்புது!

தலைவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் விரும்பிய பக்கத்துக்கு வழங்குங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், சிரித்த வாலிபர்க்கும், கை உயர்த்திய தாய்மார்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லாருக்கும் வணக்கம். இன்னும் ரெண்டு வசனம் வைச்சிருந்தனான். அதைப் புதன்கிழமை ரொட்டி மெல்லேக்கை சொல்லுறன், இப்ப நான் இறங்கிறன்.