பதினாலாம் குழி

மருதை: ...டீயைக் குடிங்கய்யா, ஆறிப் போச்சு. விசாரணை ஆபீசர் நாலு மணிக்குத்தான் வராராம்.

ஸ்தனிஸ்லாஸ்: நீ குடி மருதை. எனக்கு இறங்காது.

மருதை: காலையிலேர்ந்து அந்த மண்ணுச் சோதனைக் காகிதத்தையே முறைக்கிறீங்க. முறைச்சா, விழுந்த தண்ணித் தொட்டி எந்திரிச்சு நின்னுருமா?

ஸ்தனிஸ்லாஸ்: தொட்டி கட்டுறதுக்கு முன்ன இருபது குழி போட்டு மண்ணெடுத்தோம். இருபதுலயும் கெட்டி மண்ணு. நடுவுல எங்கயாச்சும் பொதமண்ணு ஒளிஞ்சிருக்க நூத்துல அஞ்சு வாய்ப்புதான்னு கணக்குப் போட்டு எழுதினேன்...

மருதை: அந்த அஞ்சுல மாட்டிக்கிட்டோம். விதி.

ஸ்தனிஸ்லாஸ்: அதைப் போய் இருளாயிகிட்ட சொல்லு.

மருதை: ...எங்கய்யா சொல்றது. கல்லு சுமக்க வந்தவ, தொட்டிக்கு அடியிலயே போயிட்டா. கைப்புள்ள உறையூர்ல அவ அக்கா வீட்டுல கத்துது.

ஸ்தனிஸ்லாஸ்: என்ன வயசு?

மருதை: ஒம்பது மாசம்... ஐயா, உங்க கணக்குல தப்பில்லை.

ஸ்தனிஸ்லாஸ்: பேசாம இரு.

மருதை: பதினாலாம் குழி நான் போடவே இல்லைங்க.

ஸ்தனிஸ்லாஸ்: உம்.

மருதை: அம்பத்தேழுலேர்ந்து உங்ககூட மண்ணெடுக்கக் குழாய் எறக்குறேன். பொய் மண்ணு குடுத்தது இந்த ஒரு தடவைதான். அந்த இடத்துலதாங்க இருளாயி குடிசை. அன்னைக்கு அவ புள்ள பெத்து மூணாம் நாளு. பச்சை உடம்புக்காரிய, எந்திரி தாயி, நீ படுத்திருக்க எடத்துல குழாய் எறக்கணும்னு எப்படிச் சொல்ல...

ஸ்தனிஸ்லாஸ்: அதனால?

மருதை: பதிமூணாம் குழி மண்ணையே ரெண்டு பொட்டலமாக் கட்டி, ஒண்ணுல பதினாலுன்னு எழுதிட்டேன். கீழ தூந்துபோன கெணறு கெடக்கும்னு யாரு கண்டா.

ஸ்தனிஸ்லாஸ்: ஆபீசர்கிட்ட சொல்லப் போறியா?

மருதை: சொல்லிடுறேன். உள்ள வச்சா வைக்கட்டும். நீங்க படிச்சவரு, உங்க பேராச்சும் பொழைக்கட்டும். வெறும் பொட்டலத்தைப் பாத்து உங்களுக்கு என்ன தெரியும், பாவம்.

ஸ்தனிஸ்லாஸ்: ரெண்டு குழி மண்ணு ஒருநாளும் ஒண்ணா இருக்காது மருதை. பக்கத்துப் பக்கத்துக் குழியா இருந்தாலும் ஈரத்துல, மணல்ல, எடையில துளியாவது மாறும். மாறாம, அச்சு அசலா ஒண்ணா வந்தா...

மருதை: வந்தா?

ஸ்தனிஸ்லாஸ்: நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்.

மருதை: என்னத்தைங்கய்யா சொல்லுவீங்க?

ஸ்தனிஸ்லாஸ்: ரெண்டும் ஒரே மண்ணுன்னு அன்னைக்கே தெரியும். திரும்பக் குழி போட்டா வைகாசிக்குள்ள அஸ்திவாரம் முடியாது, மேலேர்ந்து திட்டு வரும். பத்தொம்பதுன்னு தெரிஞ்சேதான் இருபதுன்னு கையெழுத்துப் போட்டேன்.