நெடுந்தீவில் கடற்கண்ணாடி விளைந்த விதம்

நெடுந்தீவின் பெரிய குறை, அதைப் பார்க்க வருகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முழுவதையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள் என்பதுதான். காலையில் குறிகட்டுவானிலிருந்து படகு வந்து சேரும். இறங்கியவுடன் ஓட்டோ பிடித்துப் பெருக்கமரத்துப் பொந்துக்குள் நின்று ஒரு படம், குதிரைகளோடு ஒரு படம், ஒல்லாந்தர் கோட்டைச் சுவரில் சாய்ந்து ஒரு படம், பாறையில் பதிந்திருக்கும் அந்தப் பெரிய பாதத்துக்குப் பக்கத்தில் தங்கள் பாதத்தை வைத்து ஒரு படம். அதோடு சரி. பிறகு திரும்பிப் போகும் படகுக்காக இறங்குதுறையில் குந்தியிருந்து கைபேசியை நோண்டுவார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம், சேர். நீங்கள் எழுதுகிறபடியால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் தொடங்கியது.

என் பெயர் நதானியேல். சொந்த ஊர் தெல்லிப்பழை. புவியியல் ஆசிரியராக இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்தபோது, யாரையோ பகைத்துக்கொண்டுவிட்டேன் என்றுதான் ஊரில் கதைத்தார்கள். எனக்கோ இடம் பிடித்துப்போயிற்று. ஓய்வுபெற்ற பின்னும் போகாமல் கடற்கரையோரமாக ஒரு சிறிய விடுதி கட்டினேன். இங்கே வலை இழுக்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தியதில்லை.

போன வருடம் மதுஷா என்றொரு பிள்ளை கனடாவிலிருந்து வந்து என் விடுதியில் தங்கினாள். கோட்டையையும் குதிரையையும் பார்த்து முடித்துவிட்டு, "அங்கிள், இஞ்சை பீச் கிளாஸ் பொறுக்கலாமே?" என்று கேட்டாள். உடைந்த போத்தல் துண்டுகள் கடலுக்குள் பல வருடம் உருண்டு, விளிம்பு மழுங்கி, பால் நிறமாகிக் கரையொதுங்குமாம். வெளிநாடுகளில் அதைப் பொறுக்குவதற்கென்றே ஆட்கள் பயணம் போகிறார்கள். மாலை கோர்க்கிறார்கள், தோடு செய்கிறார்கள். அவள் பின்னேரம் முழுவதும் வெயிலில் நடந்து ஒரேயொரு பச்சைத் துண்டைக் கண்டெடுத்தாள். அதைக் கையில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எங்கடை மண் இவ்வளவு காலமும் இதை எனக்கெண்டு வைச்சிருந்திருக்கு, அங்கிள்."

ஒல்லாந்தர் காலத்துக் கண்ணாடியாக இருக்கவேண்டும் என்று சொன்னேன். அது சோடாப் போத்தலின் அடிப்பாகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அழுகிற பிள்ளையிடம் போய் அதையா சொல்வது? படகேறும்போது அவள், "ஆவணியிலை என்ரை குறூப்போடை வாறன். நீலம்தான் அருமை. ஒரு நீலம் கிடைச்சாலே எல்லாருக்கும் விசர் பிடிச்சிடும். கிடைக்கும்தானே?" என்று கேட்டாள். "ஓம், தாராளமாக் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போன பிறகு நானும் கரை முழுவதும் தேடிப் பார்த்தேன். பிளாஸ்ரிக்கும் ஒற்றைச் செருப்புகளும்தான் கிடந்தன. இங்கே வெறுங்காலோடு தொழில் செய்கிற சனம் கண்ணாடியைக் கடலில் போடுவதே இல்லை. காலில் வெட்டும் என்று வெற்றுப் போத்தலைக்கூட வளவுக்குள் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். சுற்றுலாவுக்கு உதவாத பழக்கம்.

இந்த இடத்தில் என் நேர்மையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீதி போட வந்த ஒப்பந்தக்காரரிடம் கொங்கிறீட் கலக்கும் மிஷின் இருந்தது. மண்ணையும் உப்புத்தண்ணீரையும் விட்டு அதற்குள் கண்ணாடியைச் சுழற்றினால் கொஞ்ச நாளில் விளிம்பு மழுங்கிவிடும். மிஷினைத் தரவும் அந்த மனிதர் ஆயத்தமாக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். மிஷின் உரசிய துண்டைக் கடல் தந்தது என்று சொல்லி ஆட்களின் கையில் கொடுப்பது பச்சை ஏமாற்று. வேதாகமம் வாசித்து வளர்ந்த வீட்டுப்பிள்ளை நான். கடல் தருவது கடலிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே கலியாண மண்டபங்களில் மிஞ்சும் போத்தல்களைப் பட்டணத்திலிருந்து எடுப்பித்து, உரப்பையில் போட்டுச் சுத்தியலால் உடைத்தேன். பச்சை, மண்ணிறம், வெள்ளை எல்லாம் சேர்ந்துவிட்டன. நீலத்துக்குத்தான் திண்டாட்டம். என் மனைவி பொன்மலரின் பன்னீர்ப் போத்தல் ஒன்று அவள் கண்மூடிய நாள் முதலாக அலுமாரியில் இருந்தது. கடும் நீலம். அதை உடைத்தபோது எனக்கு அடக்கமுடியாமல் அழுகை வந்தது. இந்தத் தீவுக்காக நான் எதையெல்லாம் இழந்தேன் என்பதும் உங்கள் பதிவில் இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. எல்லாரும் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் நான் வள்ளத்தில் போய்க் கண்ணாடியைக் குடாவுக்குள் விதைத்துவிட்டு வருவேன். கரைவலை வளைக்கும் இடமாகப் பார்த்துத்தான் போட்டேன். அந்த வலையை வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். வலையின் அடி மண்ணைச் சுரண்டிக்கொண்டே வரும். அப்படி இழுபட்டு இழுபட்டுக் கண்ணாடி சீக்கிரம் மழுங்கும், கரைக்கும் வந்து சேரும். அரிப்பும் படிவும் என்று நான் வகுப்பில் படிப்பித்த பாடம்தான்.

வலைக்குச் சொந்தக்காரன் அடைக்கலநாதன், என் மாணவன். சில நாளில் என்னிடம் வந்தான்.

"மாஸ்டர், வலை முழுக்கக் கண்ணாடி. பெடியளின்ரை காலெல்லாம் வெட்டிப்போட்டுது."

"அதிலை முந்தி ஒரு ஒல்லாந்தக் கப்பல் உடைஞ்சதடா. இப்பதான் கடல் வெளியிலை தள்ளுது."

அவனுக்கு வாய் பிளந்துவிட்டது. அடுத்த கிழமை அவனே வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கப்பலின் பெயரையும் அது உடைந்த ஆண்டையும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பெயரும் சொல்லவில்லை, ஆண்டும் சொல்லவில்லை.

ஆனாலும் காயம் கூடக்கூட, பட்டணத்துக்குப் போய் எல்லாருக்கும் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தான். வலை விரித்திருக்கும் இடத்துக்குச் செருப்போடு போவது அவர்களுக்குள் வழக்கமில்லை. பெரிய மனிதர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். மாஸ்டர் சொன்னால் போடுவோம் என்று வலை இழுக்கிற எல்லாரும் என்னிடம் வந்து நின்றார்கள். "கொப்பர் வலைக்குப் பக்கத்திலை செருப்போடை நிண்டவரே?" என்று மட்டும்தான் அடைக்கலநாதனிடம் அவன் தகப்பனைப் பற்றிக் கேட்டேன். செருப்புகள் வந்த பையோடு திரும்பிப் போயின. ஒரு சனத்தின் மரபில் கைவைக்க நான் யார், சேர்? அத்தோடு, வெறுங்காலோடு வலை இழுக்கிற படத்துக்குத்தான் வெளிநாட்டில் மதிப்பு. மதுஷாவின் ஆட்களுக்கு மாத்திரம் தடித்த றப்பர் சப்பாத்து வாங்கி வைத்தேன். அவர்களுக்கு அந்த மரபு இல்லைதானே.

இனி லூர்த்தம்மாவைப் பற்றி. காலையில் வலை கரையேறும்போது மீனை இனம் பிரித்துக்கொடுத்து, பிறகு என் விடுதிக்கு வந்து சமைக்கிறவ. அவவின் நண்டுக்கறிக்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. எனக்கு அவமேல் மிகுந்த மரியாதை. நெடுநாளாகச் சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவ. மதுஷாவின் குழு வருவதற்கு முதல்நாள் ஒரு காலைச் சரித்துச் சரித்து நடந்து வந்தா.

"மாஸ்டர், காலிலை என்னவோ ஏறிப்போட்டுது. ஒருக்காப் பாருங்கோ."

"நோகுதே?"

"நோகேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு. கண்ணாடியோ தெரியாது."

குனிந்து பார்த்தேன். குதிக்கால் வெடிப்புக்குள் நீலமாக மினுங்கியது. பொன்மலரின் போத்தல் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முள் பிடுங்குகிற சாமணம் மேசை லாச்சிக்குள் இருந்தது. எடுத்திருக்கலாம். எடுத்தால் அவ அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவா, குடாவை மூடு என்று சனம் சொல்லும், மறுநாள் வருகிற பிள்ளைகள் ஏமாந்து திரும்புவார்கள். ஒரு மனிதரின் காலைப் பார்ப்பதா, ஒரு தீவின் எதிர்காலத்தைப் பார்ப்பதா?

"திருக்கை முள்ளு, லூர்த்தம்மா. சுடுதண்ணியிலை காலை வையும். பயப்பிடாதையும்."

திருக்கை குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்துக் காலை அமிழ்த்துவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். மரத்துப்போன காலுக்குச் சூடு எங்கே தெரியும்? கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு, கோப்பிக்குத் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்கிற முகத்தோடு அவ இருந்தா. தண்ணீர்ப் பேசினை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையில்தான் சுட்டது.

குழு வந்தது. அருமையான நாட்கள். எல்லாரும் சப்பாத்தோடு கரையில் குனிந்து பொறுக்கினார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். விளிம்பு கொஞ்சம் கூராக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, இந்து சமுத்திரத்தின் குணம் அது என்று அடைக்கலநாதனே விளக்கம் கொடுத்தான். லூர்த்தம்மா வீங்கிய காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நண்டு சமைத்தா. மதுஷா அவவோடு நின்று படம் எடுத்தாள். காலைப் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டாள், அதற்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போன படகுக்கு அடுத்த படகில் லூர்த்தம்மாவைக் காய்ச்சலோடு ஏற்றினார்கள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவவின் மகள் சுபாஜினி விடுதி வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"அம்மா உங்களை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் சுடுதண்ணியிலை தன்ரை காலை அவிச்சவா, மாஸ்டர்."

அது என்னை உண்மையாகவே நோகப்பண்ணியது. கண்ணாடி என்று தெரிந்தும் முள் என்று சொன்னது நான்தான். போட்டதும் நான்தான். செருப்பைத் தடுத்ததும் நான்தான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் நோக்கத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா?

உங்கள் மேசையில் இருக்கிற அந்தச் சின்னக் குப்பியைத் தயவுசெய்து யன்னல் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். லூர்த்தம்மாவின் காலிலிருந்து வைத்தியர் எடுத்துக் கொடுத்த துண்டு. ஒரு ஓரம் மழுங்கி, பால் நிறமாகத் தொடங்கியிருக்கிறது, தெரிகிறதா? கடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. லூர்த்தம்மா கொஞ்சக் காலம் பொறுத்து மிதித்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. வழக்கு முடிந்ததும் அதை என்னிடம் தந்துவிடுவீர்களா? மதுஷா அடுத்த ஆவணியும் வருகிறாள், இந்தமுறை ஒருவருக்கும் நீலம் கிடைக்கவில்லை.