ஆறட்டும் என்று திருப்பிய காற்று

எனக்கு மேசை விசிறி என்றால் ரொம்பப் பிடிக்கும், ஐயா. படித்ததாகக் காட்டிக்கொள்ளாது. திருப்பின பக்கம் ஊதும், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். "வீட்ல உக்காந்து எல்லாரையும் சந்தேகப்படுறதுக்கு, அங்க வந்து தூசியைச் சந்தேகப்படுங்க மாமா" என்றார். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் செய்கிறவர். பிளாஸ்டிக்காவது மின்சாரமாவது என்று முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறேன்.

சாப்பிடும்போது விளக்குவார். "ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீளச் சங்கிலி மாமா. பக்கவாட்டுல கை கையா நீட்டிக்கிட்டிருக்கும். கை குட்டையா இருந்தா, எப்படி ஆறினாலும் ஒரே மாதிரிதான் உக்காரும். என்னோடது கிளைவிட்ட நீளக் கை. மெல்ல ஆறினா தட்டுமேல தட்டா அடுக்கிக்கும், கரண்ட் ஓடும். சட்டுனு ஆறினா கோணல்மாணலா உறைஞ்சிடும், ஓடாது."

"ஒரே சரக்கு ரெண்டு விதமாவா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

"நீங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவீங்க."

பார்த்தேன். சூடு தணிந்துகொண்டிருந்த குட்டைக் கைச் சரக்கின்மேல் ஆய்வுக்கூடத்து மேசை விசிறியைத் திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. நீளக் கைச் சரக்கின்மேல் திருப்பினேன். மாப்பிள்ளை வந்து அளந்தார், கரண்ட் ஓடவில்லை, முகம் கறுத்துவிட்டது. மனுஷன் பொய் சொல்லவில்லை.

அத்தோடு விட்டிருப்பேன். அந்த வாரம்தான் மகள் பெரிய பெட்டி வாங்கி வந்தாள். சரக்கு தேறினால் மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி வேலையாம், பேத்தியும் போகிறாளாம். "உங்கள அப்புறமா கூட்டிக்கிறோம்பா" என்றாள். அந்த அப்புறத்தை நான் நம்புவேனா?

அவர் ஆற வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும்போதெல்லாம் விசிறியைத் திருப்பினேன். வருவதற்குள் பழையபடி வைத்துவிடுவேன்.

முதலில் சங்கிலியைச் சந்தேகப்பட்டார். பிறகு தன்னை. "என் கையிலதான் ஏதோ கோளாறு மாமா" என்று சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியதில் தோலே உரிந்துவிட்டது. முன்பு காட்டிய நல்ல அளவெல்லாம் பித்தலாட்டம் என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

இப்போது வீடு கலகலப்பாக இருக்கிறது. பெட்டிக்குள் பேத்தி பொம்மைக்குப் படுக்கை போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தொட்டது கெட்டுவிடும் என்று டம்ளரைக்கூடத் தொடமாட்டார், பெற்ற மகளையும் தூக்கமாட்டார். நான்தான் ஊட்டிவிடுகிறேன். சமர்த்தாக வாயைத் திறப்பார்.

அதே சரக்கில் வேறோர் ஆய்வுக்கூடத்தில் கரண்ட் நன்றாக ஓடுகிறது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கையில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் கிளம்பிவிடுவார். எங்களோடு இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிற மனுஷனை எதற்கு வீணாகப் பிரிக்கவேண்டும்?