பச்சைக் கட்டம்

அசையாம நில்லும்மா, பவுடர் டப்பா கையிலயே இருக்கட்டும். கல்யாண மேடையில பொண்ணுக்குப் பின்னால எப்படி நிப்பியோ அப்படியே நில்லு. இந்தப் பொம்மைத் தலைதான் இன்னிக்குப் பொண்ணு. உன் மேக்கப் பெட்டியில இருந்த டோப்பாவையே எடுத்து மாட்டிட்டேன், கோவிச்சுக்காத.

எதுக்கா? எந்தக் கம்பெனி கேமரா மூஞ்சியச் சரியாப் பிடிக்குதுன்னு பார்க்கத்தான். நீ வாய் நிறைய அண்ணன் அண்ணன்னு கூப்பிடறியே எங்க வீட்டுக்காரரு, அவரோட கேமராவுல மூஞ்சியத் தானாத் தேடிப் பிடிக்கற ஆட்டோஃபோகஸ் கெட்டுப்போச்சாம். இன்னொண்ணு வேற கம்பெனி, வாடகைக்கு வாங்கினேன். ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே தூரம், ஒரே ஸ்டாண்டு. போட்டின்னா நியாயமா நடக்கணும் இல்லையா.

படம் எடுக்கறது அவரு, ஆல்பம் போடறது நான். அதனால திட்டு வாங்கறதும் நான்தான். ஒரு பொண்ணோட அம்மா ஆல்பத்த மேசையில போட்டுட்டுக் கேக்கறாங்க, எம் பொண்ணு மூஞ்சி தண்ணியில கரைஞ்ச மாதிரி இருக்கு, மேக்கப்காரியோட இமை மயிர் மட்டும் எண்ணலாம் போல இருக்கேன்னு. மெஷின் கோளாறுன்னு சமாளிச்சேன்.

சிரிக்காத, ஆடுது.

இது வாடகை கேமரா. திரைய உன் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன் பாரு, மூஞ்சியப் பிடிக்கற பச்சைக் கட்டம் நேரா பொம்மை மேல உக்காந்துடுச்சு. கிட்ட இருக்கற மூஞ்சிதான் அதுக்குக் கணக்கு. பாவம், அதுக்கு மனசா கெடக்கு. இப்ப நம்ம வீட்டுது. பொம்மையத் தொடுது... தாவிடுச்சு பார்த்தியா, உன் மேல. கொஞ்சம் தள்ளி நில்லு. அங்கயும் வருது. துப்பட்டாவால மூஞ்சிய மூடு. ம், இப்பதான் வேற வழியில்லாம பொம்மைகிட்டத் திரும்புது.

லென்ஸ் கோளாறா? அவரும் அதத்தான் சொன்னாரு. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கழட்டிக்கூடப் பார்க்கல, மெனுவத் திறந்து எங்கிட்ட நீட்டிட்டாரு. அதுல ஒரு வசதி இருக்காம். வேண்டியவங்க மூஞ்சியப் பதிஞ்சு வெச்சா, எவ்வளவு கூட்டத்துலயும் அதத்தான் முதல்ல தேடிப் பிடிக்குமாம். பெத்த பிள்ளைங்களப் பதிஞ்சு வெப்பாங்களாம். எங்க வீட்டுக்காரர் பதிஞ்சு வெச்சது ஒரே ஒரு மூஞ்சி, உன்னோடது. அடுத்தவங்க கல்யாணத்துக்குப் போறப்போ அத அணைச்சு வெக்கணும்னுதான் அவருக்குத் தோணல.

உக்காரு, பின்னால நாற்காலி இருக்கு.

தெரியாதா? தெரியாதுன்னு எனக்கும் தெரியும்மா. எல்லாப் படத்தையும் பெரிசு பண்ணிப் பார்த்தவ நான். ஒண்ணுலகூட நீ கேமராப் பக்கம் திரும்பல. பொண்ணோட முடியையும் நெத்தி வேர்வையையும்தான் பார்த்துக்கிட்டு நிக்கற. அண்ணன்னு நீ கூப்பிடறதும் நெஜமாத்தான் கூப்பிடற.

அவர்கிட்டயா? அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? கேட்டா ஒத்துக்குவாரு, பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒத்துக்கிட்டா ஒண்ணு நான் வீட்ட விட்டுப் போகணும், இல்ல அவரப் போகச் சொல்லணும். எனக்கு இந்தக் கடையும் வேணும், அவரும் வேணும். வேண்டாம்னு ஒதுக்கறதுக்கு நீ ஒருத்திதான் மிச்சம்.

உன் கல்யாணத்தையும் நாங்கதான எடுக்கறதாப் பேச்சு? எந்தக் கேமரான்னு மாப்பிள்ளையே வந்து பார்க்கட்டும்னு காலையில கூப்பிட்டேன். நல்ல தம்பி, அதிகம் பேசல. உன் போட்டோவப் பெரிசா பிரிண்ட் போட்டு, இப்ப நீ நின்ன இடத்துல நிறுத்தி, உனக்குக் காட்டினதத்தான் அவருக்கும் காட்டினேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. இது யாரு கேமரான்னு கேட்டாரு, சொன்னேன். மூஞ்சியப் பதிஞ்சது யாருன்னு கேட்டாரு, அதையும் சொன்னேன். இது அவளுக்குத் தெரியுமான்னு கேட்டாரு.

குடிக்கத் தண்ணி வேணுமா தம்பின்னு கேட்டுட்டு உள்ள வந்துட்டேன்.