நீல நகம்

பெயர் சகாயசெல்வி, வயது 26, த/பெ ராயப்பராஜ், ஊர் செம்பட்டி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக நர்ஸாக இருக்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னாளபட்டி மாயாண்டியும் அவர் மனைவி சொர்ணலட்சுமியும் தங்கள் மகள் ஸ்ரீமதியை, வயது நான்கு, தூக்கி வந்தார்கள். குழந்தையின் மூச்சுக்குழாயில் நிலக்கடலை சிக்கியிருந்தது. ஆக்சிஜன் அளவு பார்க்க வார்டில் நான் விரலில் கிளிப் மாட்டினேன். பத்து நகமும் நீலம். தாய் என்னிடம், "பயந்துறாதீங்க சிஸ்டர், சாயத் தொட்டிக்குள்ள கையை விட்டுட்டா, சொன்னா கேக்குறாளா" என்றார். அளவு 96. சீட்டில் எழுதினேன்.

அதன் பிறகு தியேட்டரில் மயக்க டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார். டாக்டர் ஜெரோம் வாய் வழியாகக் கருவியை இறக்கினார். நான் தலைமாட்டில் நின்று ஒரு கையால் தாடையையும், மறு கையால் மூக்கில் ஆக்சிஜன் போகும் குழாயையும் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் தலை அசையும். குழந்தையின் உடம்பு பச்சைத் துணிக்குள் இருந்தது, கிளிப் மாட்டிய ஒரு கை மட்டும் வெளியே.

அதன் பிறகு டாக்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்தார். கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால், ஆக்சிஜன் வரும் தண்ணீர் பாட்டிலின் குமிழிச் சத்தம் கேட்கவில்லை. சளி உறிஞ்சும் மெஷின் சத்தத்தில் கேட்காமல் போனதாக நினைத்தேன். திரையில் 85. சொன்னேன். டாக்டர், "சாயம்மா அது. மெஷின் கொறச்சுத்தான் காட்டும். நீ தலையப் பிடி" என்றார். 71 ஆனதும் மறுபடி சொன்னேன். கடலை தெரிகிறது, பொறு என்றார். நகத்தைப் பார்த்தேன். நீலம். முன்பும் நீலம்.

வார்டில் இதே சாயத்தோடு 96 இருந்தது அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.

அதன் பிறகு கடலை வந்தது. நான் துணியை விலக்கினேன். கால் விரல்களும் நீலமாக இருந்தன. காலில் சாயம் கிடையாது. உதவியாளர் ஆண்டிச்சாமி குனிந்து பார்த்து, மேசைச் சக்கரம் ஆக்சிஜன் குழாய் மேல் ஏறி நிற்பதாகச் சொன்னார்.

குழந்தை மதுரையில் வென்டிலேட்டரில் இருக்கிறது. கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தாய், "நான் சொன்னதுனாலயா சிஸ்டர்?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்தினேன்.

நான் 96 என்று எழுதிய வார்டுச் சீட்டு இப்போது இல்லை. அன்று முதல் என்னை மருத்துவமனை விடுதியை விட்டு வெளியே விடவில்லை, கைப்பேசி மேனேஜரிடம் இருக்கிறது. சாயத்தால் மெஷின் தவறாகக் காட்டியது, தாயே சாயம் என்று சொன்னார் என ஒரு தாள் தினமும் கையெழுத்துக்கு வந்தது. இன்று ஞாயிறு, பூசைக்கு என்று கேட்டு வெளியே வந்தேன். பூசைக்குப் போகவில்லை, இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடி இருக்கிறது, உண்மை. அந்தத் தாய் சொன்னதால் அல்ல என்று தனி வரியாக எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது.

(ஒப்பம்) ரா. சகாயசெல்வி