ஆளுக்கொரு மயிரிழை

நம் பம்பு ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு நின்று, எங்களில் ஒருவரையும் நிம்மதியாக நிற்கவிடாத பெருந்தகையே! நாங்கள் நல்லதென்று நீட்டிய எதையும் நல்லதென்று நம்பாத நற்கண்ணரே! வணக்கம்.

தங்கள் பணி ஓய்வுக்கு வாழ்த்து மடல் எழுதத்தான் உட்கார்ந்தோம், வருவதென்னவோ புலம்பல். பொறுத்தருள்க.

வார்ப்பு, கடைசல், துளையிடல், மெருகு என நான்கு கை மாறி, ஐந்தாவதாகப் பூட்டலில் முடிவது நம் வேலை. ஒரு மயிரிழை கூடலாம், குறையலாம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் வரைபடமே சலுகை தந்திருக்கிறது. நாங்களோ, "மிச்சம் இருந்தா சீவிக்கலாம், குறைஞ்சா குப்பைதான்" என்று எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். தண்டைத் தடிமனாக விட்டார் ஒருவர். துளையைக் குறுகலாக விட்டார் இன்னொருவர். "என் அளவு சரி" என்று நால்வரும் செய்த சத்தியம் பொய்யே இல்லை. ஆனால் தண்டு மட்டும் துளைக்குள் போகவில்லை. பூட்டல் பிரிவினர் அடித்து ஏற்றி அனுப்பிய நானூறு பம்புகளும் திரும்பி வந்தன. இன்னொரு முறை இப்படியானால் ஆலையையே மூட வேண்டியதுதான் என்றார் மேலாளர்.

அன்று தாங்கள் சொன்னதை எப்படி மறப்போம்! "எந்தப் பிரிவு மேலயும் தப்பு இல்ல. எல்லாரும் சேர்ந்துதான் தப்பு. இனிமே பெட்டியில போட்டு அனுப்பாதீங்க. செஞ்சவரே கையோட கொண்டு போங்க, அடுத்தவர் அளக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."

நின்றோம் ஐயா! கால் கடுக்க நின்றோம்! "வகுப்புக்கு வெளியே நிக்க வெச்ச மாதிரி இருக்குப்பா" என்று கடைசல் அண்ணன் பொருமாத நாளில்லை. பதினோரு நாள் ஒரு பம்பும் வெளியே போகவில்லை. திட்டு முழுவதும் தங்களுக்கே விழுந்தது. தாங்கள் மசியவில்லை. கடைசியில் தண்டு அடிக்காமலே துளைக்குள் இறங்கியது; ஆலை பிழைத்தது.

இவ்வளவும் கற்ற நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். இம்மடலை மாட்டித் தர நம் பட்டறையிலேயே ஒரு கண்ணாடிச் சட்டம் செய்தோம். தங்களுக்குத் தெரியக் கூடாதென்று, யாரும் கையோடு கொண்டு போகாமல், பிரிவுக்குப் பிரிவு பெட்டியில் போட்டே அனுப்பினோம். அளவு கேட்டால் ஆளாளுக்குச் சரி. கண்ணாடி உட்காரவில்லை! எங்கள் தலையில் நாங்களே அடித்துக்கொண்டோம்.

அந்தக் கையால் செய்த பம்புகளை எப்படி நம்புவது? இன்று அனுப்ப வேண்டிய நானூறையும் நாங்களே நிறுத்திவிட்டோம். ஒவ்வொன்றாகக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் நின்று, மறுபடி அளக்கிறோம். இவ்விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் காலையிலிருந்து எங்களைத் திட்டித் தீர்க்கிறார். ஒருவரும் மசியவில்லை, ஐயா.

நோயின்றி, குறையின்றி, நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நடப்பீராக! வீட்டில் அக்காவை மட்டும் அளவெடுக்காமல் விட்டுவிடுங்கள்.

எரிச்சலும் அன்பும் ஒருசேர,
வார்ப்பு முதல் பூட்டல் வரை ஐந்து பிரிவினரும்