ஆறாவது பாட்டுல ஒரு பள்ளம்

மரியாதையெல்லாம் எதிர்பாக்காதீங்க சார். ஆள் வந்ததும் எந்திரிச்சு நின்னு கை குடுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த நாற்காலியில கெடக்கற துணியைக் கட்டில் மேல தள்ளிட்டு உக்காருங்க. தண்ணி வேணும்னா உள்ள மேடை மேல பாட்டில் இருக்கு, நீங்களே எடுத்துக்கங்க. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டாந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்.

ஆமா, அதுதான் என் டிரம்ஸ். என்ன அப்படி முழிக்கறீங்க? சிம்பல் ஸ்டாண்டுல நைட்டி காயக்கூடாதா? எங்க அக்காவோடது. மழை விடல, கொடியில எடம் பத்தல, இது சும்மாதானே நிக்குதுன்னு போட்டுட்டா. ஒரு வேலையும் செய்யாம நிக்கறதுக்கு ஈரத்துணியாவது சுமக்கட்டுமே.

சரி, யாரு அனுப்பினது உங்களை? சுருட்டையா? நீங்களாவே வந்தீங்களா? அதானே பாத்தேன். இந்த வாசப்படி ஏற அவனுக்கு மூஞ்சி ஏது. ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம் சார், அவனும் நானும். அவங்க வீட்டுல கார் நிறுத்தற ஷெட்டுல நாங்க ரெண்டு பேரு ஆரம்பிச்சதுதான் இந்த பேண்டு. அவன் கிட்டாரு, நான் டிரம்ஸு. பாடறவன் எல்லாம் பின்னாடி வந்து ஒட்டினவன். இன்னிக்கு என்னடான்னா என் எடத்துல நீங்க உக்காந்துட்டு, என் வீட்டுக்கே வந்து சந்தேகம் கேக்கறீங்க. உங்களுக்கும் துணிச்சல்தான்.

கோச்சுக்காதீங்க. கோச்சுக்கிட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க யாருன்னு தெரியும் சார். சினிமாவுக்கெல்லாம் வாசிக்கறவரு. நோட்ஸ் எழுதி முன்னாடி வெச்சா எதையும் வாசிச்சுத் தள்ளிடுவீங்க, உங்க கை சுத்தத்துக்கு முன்னாடி நானெல்லாம் தகர டப்பா தட்டறவன். அப்பேர்ப்பட்டவருக்கு இங்க என்ன வேலை?

ஆறாவது பாட்டா. ம். நெனச்சேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, ஆல்பம் முழுசாக் கேட்டீங்களா? நேர்மையாச் சொல்லுங்க, அது ஆல்பமா? மெட்டல்னு ஆரம்பிக்குது, நல்லா இடி மாதிரி வருது, சரின்னு நிமிந்து உக்காந்தா நடுவுல ஜாஸ் சாக்ஸபோன் ஒருத்தன் வந்து ஊதறான். யாரைக் கேட்டு வந்தான்? அடுத்த பாட்டுல கம்ப்யூட்டர் வெச்சு டிஸ்கோ மாதிரி டுப்பு டுப்புன்னு. அதுக்கு அடுத்ததுல பாடறவன் ராப்ங்கற பேர்ல மூச்சு விடாம பேசறான், மளிகைக்கடையில சாமான் சொல்ற மாதிரி. கையில கெடச்சதையெல்லாம் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிட்டு, எல்லைகளைத் தாண்டிட்டோம்னு பேட்டி வேற. பேட்டியில சுருட்டை போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைப் பாத்தீங்களா? பவரே கிடையாது சார் அதுல. எனக்குத் தெரியாதா.

அந்தப் புல்லாங்குழலு! அதைப் பத்தி மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. ஆறாவது பாட்டுல பாதி நேரம் தாலாட்டு. ஏழு எண்ணிக்கையில தாலாட்டு பாடி எந்தக் குழந்தை தூங்கும்? முழிச்சு உக்காந்து அதுவும் சேந்து எண்ணும். வாசிக்கறது யாரு தெரியும்ல, சுருட்டையோட பொண்டாட்டி. வீட்டுல இருந்த குழலை ஸ்டூடியோவுக்குக் கொண்டாந்துட்டான். நாளைக்கு மாமியாரையும் கூட்டியாந்து கோரஸ் பாட வைப்பான்.

ஆமா, சண்டை அதுலதான் வந்துது. ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்களே. ரிகர்சல்ல எல்லாரும் இருக்கறப்பவே சொன்னேன், இந்தக் குழல் இருந்தா நான் இருக்கமாட்டேன், யார் வேணும்னு முடிவு பண்ணுன்னு. அந்தப் பொண்ணு அங்கயேதான் நின்னுச்சு. அண்ணா அண்ணான்னு என்னைக் கூப்பிடற பொண்ணு. கண்ணு கலங்கி, குழலைப் பைக்குள்ள வெச்சு, ஜிப்பை இழுத்துது. ஜிப்பு மாட்டிக்கிச்சு. அதை இழுத்துக்கிட்டே நின்னுச்சு. சுருட்டை என்னைப் பாத்து, போடான்னான். வந்துட்டேன்.

வருத்தமா? எனக்கென்ன வருத்தம். மெட்டல் வாசிக்க வந்தவன் நான், கதம்பம் கட்ட வரல.

சரி, உங்க சங்கதிக்கு வாங்க. தாலாட்டு முடிஞ்சு எல்லாம் ஒண்ணா வந்து விழற எடம். கிட்டாரு, பேஸு, பாடறவனோட கத்தல், எல்லாம் ஒரே அடியில விழணும். விழுது. ஆனா கால்ல மிதிக்கற பெரிய டிரம் மட்டும் அங்க இல்ல. ஒரு பள்ளம். காதுல கேக்கறவனுக்கு மாடிப்படியில கடைசிப் படி இருக்குன்னு நெனச்சுக் காலை வெச்ச மாதிரி இருக்கும். அதுக்கு அடுத்து கையில ஸ்நேர் டிரம்ல பலமா ஒரு அடி. அதைத்தானே கேக்கறீங்க?

தெரியும் சார், அதைத்தான் எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. ஒருத்தன் எழுதியிருந்தான், அந்த எடத்துல உலகம் ஒரு நொடி நின்னு திரும்பச் சுத்துதாம். இன்னொருத்தன் அந்த ஸ்நேர் அடியில ஒரு தலைமுறையோட கோவம் தெரியுதுன்னான். தலைமுறைக் கோவம்! நல்லா வருவீங்கடான்னு நெனச்சுக்கிட்டேன்.

எப்படி வந்துதா? ஒரே டேக்ல வந்துது. முடிஞ்சதும் ரெக்கார்டிங் பண்றவரு சொன்னாரு, ஒரு கால் அடி விட்டுப்போச்சு, வேற எடத்துலேர்ந்து எடுத்து ஒட்டிடறேன்னு. சுருட்டை அவரு கையைப் பிடிச்சிட்டான். தொடாதீங்கன்னான். திரும்பப் போடச் சொன்னான், திரும்பத் திரும்பக் கேட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்ல என்னைக் கேட்டான், டேய், வேணும்னேதான் விட்டியாடான்னு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ஆமான்னேன். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, இதுக்குத்தான்டா நாம இத்தனை நாள் வாசிச்சோம்னான். அழுதான் சார். அன்னிக்கே உக்காந்து, அதே பாட்டுல அதுக்கப்புறம் அந்த அடி வர்ற எல்லா எடத்துலயும் கிட்டாரு, பேஸு எல்லாத்தையும் எடுத்துட்டான். பள்ளத்தைச் சுத்தி வீடு கட்டின மாதிரி பாட்டையே அதைச் சுத்தித் திருப்பிக் கட்டினான்.

இப்ப உங்களுக்கு அது வரமாட்டேங்குது, அப்படித்தானே. எழுதிப் பாத்தீங்களா? கொண்டாங்க அந்தப் பேப்பரை. ம், சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு புள்ளி தப்பில்ல. இதை வாசிச்சாலும் சுருட்டை முகத்தைத் திருப்பிக்கறானா? நான் வாசிச்ச மாதிரி இல்லங்கறானா? சனிக்கிழமை மேடை ஏறணும், அதுவரைக்கும் இதையே சொல்லிக்கிட்டிருப்பான் அவன். உங்களைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. கொஞ்சம்தான்.

போங்க, போயி டிரம்ஸ்ல உக்காருங்க. நைட்டியைக் கதவு மேல போடுங்க. நான் எதுக்கு வரணும்? இங்கேர்ந்தே கேக்குதே, காது நல்லாத்தான் இருக்கு எனக்கு. ஸ்டூலை ஏத்திக்கங்க, உங்க உயரத்துக்கு அது பத்தாது. தாலாட்டைக் கடைசி ரெண்டு சுத்து மனசுக்குள்ள ஓட்டிட்டு உள்ள விழுங்க. ம்.

இல்ல. திரும்ப.

சார், வாசிக்கறது சுத்தமா இருக்கு. அதுதான் கோளாறு. நீங்க அந்த அடியை விடறீங்க. விடப் போறோம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுது, அதனால உங்க தோளு தெரிஞ்ச மாதிரி இருக்கு, கை தெரிஞ்ச மாதிரி வருது. கேக்கறவனுக்கும் தெரிஞ்சுடுது. ஒரு அறையில வேணும்னே விளக்கை அணைச்சிட்டு இருட்டா இருக்குன்னு நடிக்கற மாதிரி.

நான் அதை விடல சார்.

மிதிச்சேன். எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிச்சேன். கால் போகல.

நீங்க நிறுத்த வேணாம், குச்சியைக் கையிலயே வெச்சுக்கங்க. வலது கால்தான் முதல்ல. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கடைக்குப் போயிட்டு வர்றப்ப தெருவுல செருப்பு கழண்டு விழுந்திருக்கு. எனக்குத் தெரியல. ஒத்தச் செருப்போட வீட்டுக்குள்ள வந்து நிக்கறேன், அக்காதான் கேட்டா இன்னொண்ணு எங்கடான்னு. சிரிச்சோம் ரெண்டு பேரும். அப்புறம் ஸ்டூடியோவுல இது. அப்புறம் நரம்பு டாக்டர், ஸ்கேனு, ஊசி. இப்ப ரெண்டு காலும். கை இருக்கு. கை எவ்வளவு நாளைக்குன்னு டாக்டர் சொல்லல, நானும் கேக்கல.

ரிகர்சல்ல என்ன ஆச்சுன்னா, சுருட்டைக்கு அதே பள்ளம் ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல வேணும். நான் எங்க போவேன் அதுக்கு? விடணும்னு நெனக்கற எடத்துல கால் ஒழுங்கா மிதிக்குது. மிதிக்க வேண்டிய எடத்துல சும்மா கெடக்குது. பாடறவன் என்னைப் பாத்து, குடிச்சிட்டு வந்தியாடான்னு கேட்டான். குடிச்சேன்னே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா சுருட்டை என் காலையே பாக்க ஆரம்பிச்சான். அவனுக்கு என்னைச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். இன்னும் நாலு ரிகர்சல் இருந்தா கண்டுபிடிச்சிருப்பான். கண்டுபிடிச்சா என்ன செய்வான் தெரியுமா? வெளிவர இருந்த ஆல்பத்தையே நிறுத்திடுவான். மேடையெல்லாம் வேணாம்னுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துக்குவான். அவன் அப்படிப்பட்ட மடையன்.

அதான் சண்டைக்குக் குழலைப் பிடிச்சேன். பொண்டாட்டியை வெளிய அனுப்பமாட்டான்னு தெரிஞ்சுதானே கேட்டேன்.

நல்லா வாசிக்கும் சார் அந்தப் பொண்ணு. அந்தத் தாலாட்டு இருக்கே, அது முடியப் போகுதுங்கறப்ப இன்னிக்கும் திரும்ப முதல்லேர்ந்து ஓட விட்டுடுவேன். அக்கா டியூட்டிக்குப் போனதும் அதைத்தான் போட்டுக் கேட்டுட்டு இருப்பேன். சாக்ஸபோனும் நல்லாத்தான் இருக்கு, என்ன இப்ப. ராப் மட்டும் எனக்குப் பிடிக்கல. அது நெஜமாவே பிடிக்கல.

நீங்க இதை அவன்கிட்டச் சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னா நான் இல்லவே இல்லன்னு சாதிச்சிடுவேன், எனக்குப் பொய் சொல்ல வரும்னு இப்பத்தான் பாத்தீங்க. திமிர் பிடிச்சவன், ஆல்பம் பிடிக்காம போனான்னே இருக்கட்டும். நீங்க வாசிங்க. மிதிக்கறேன்னு முழுசா நெனச்சு, உடம்பையே காலுக்குக் குடுத்து, கடைசி நிமிஷத்துல காலைத் தரையில ஒட்ட வெச்சிருங்க. சனிக்கிழமைக்குள்ள ஓரளவுக்கு வந்துடும். உங்க கைக்கு வரும்.

கெளம்பறீங்களா? கதவை ஒருக்களிச்சு வெச்சிட்டுப் போங்க, சாத்தாதீங்க. அக்கா வர்றவரைக்கும் யாராவது வந்தா நான் போய்த் திறக்க முடியாது. அந்த நைட்டியைத் திரும்ப அங்கயே போட்டுடுங்க, இல்லன்னா யாரு எடுத்ததுன்னு கேப்பா.

ஆங், மறந்துட்டேன் பாருங்க. அந்த ஸ்நேர். ஏன் அவ்வளவு பலமா விழுதுன்னு கேட்டீங்கல்ல, எவ்வளவு கோவமா அடிச்சா அப்படி வரும்னு. கோவமெல்லாம் இல்ல சார் அது. கால் போகலன்னு தெரிஞ்சுது, பயந்துட்டேன்.